ஆதாரம் மவுண்ட் ஆகவில்லை

ஃபோன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் சிஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சார்ஜ் போடுவதற்காக அவள் இரண்டு மாடி இறங்கி வரவில்லை. ஃபோனுக்குள் ஒரு வீடியோ இருக்கிறது. அது சங்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும். அங்கிருந்து சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவிக்குப் போக வேண்டும். மாலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் அந்த வீடியோ ஓட வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். கம்ப்யூட்டரோ ஃபோன் என்று ஒன்று வந்திருப்பதையே சட்டை செய்யாமல், மின்சாரத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வாசலிலேயே சோற்றைப் போட்டு அனுப்புகிற ஜாதி.

"சார்ஜ் யார் கேட்டா உன்கிட்ட?" என்று அதனிடமே கேட்டுப் பார்த்தாள்.

சிஸ்டரம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. சொல்வது பெரும்பாலும் அவள்தான். இப்போது இந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்கட்டு பளபளப்பதும், குப்பை நேரத்துக்குப் போவதும், லிஃப்ட்டில் யாரும் எச்சில் துப்பாததும் அவளால்தான் என்பதும் உண்மை. அந்தப் பதவிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் கொள்கை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாமே அவள் வீட்டில் வெள்ளைதான். காலையில் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டால் கண் கூசும். அப்படிப்பட்ட விரிப்புகளின்மேல் கொஞ்ச காலமாகப் பச்சைக் கறை விழத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக இல்லை, யாரோ வேண்டுமென்றே ஊற்றிய மாதிரி. சோப்புக்குப் போகவில்லை, சலவைப் பொடிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியில் ரத்தக் கறையையே விரட்டிய அவளுடைய கைக்கும் போகவில்லை.

யார் ஊற்றுகிறார்கள் என்று துப்பறிய ஆள் வைக்க வேண்டியதில்லை. நேர் மேலே மூன்றாவது மாடியில் மேல்வீட்டுக்காரர் இருந்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆள். பால்கனி முழுக்கச் செடி. செடிக்கு ஏதோ பச்சை உரத்தைக் கரைத்து ஊற்றுகிறார், அது வழிந்து கீழே வருகிறது. வேறு எப்படி இருக்க முடியும்?

போன கூட்டத்தில் அவள் இதை எழுப்பினாள். மேல்வீட்டுக்காரர் எழுந்து, தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்திருப்பதாகவும் ஒரு சொட்டுக்கூடக் கீழே போகாது என்றும் தணிந்த குரலில் சொன்னார். தணிந்த குரலில் பேசுகிறவர்களைச் சிஸ்டரம்மா எப்போதுமே நம்பியதில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. காது மந்தம். காது மெஷின் பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கும், அவர் பெரும்பாலும் அரைத் தூக்கத்தில்தான் இருப்பார். யாரோ தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்து, தண்ணீர்க் குழாய் வழக்கானாலும் நாய் குரைக்கிற வழக்கானாலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் இல்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் சிஸ்டரம்மாவின் காதில் இருந்தது. சாப்பிடும்போது கேட்டது, படுக்கும்போது கேட்டது. அன்றைக்கே எழுந்து நின்று, அடுத்த கூட்டத்துக்கு ஆதாரத்தோடு வருகிறேன், இல்லாவிட்டால் செயலாளர் பதவியை நானே தூக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆதாரமும் கிடைத்தது. துணிக்கூடைமேல் ஃபோனைச் சாய்த்து, மேல்பக்கம் பார்க்க வைத்து, ஒரு நாள் காலையில் ஓடவிட்டாள். துணிக்கு மேலே, உயரத்தில், ஒரு கை வெளியே நீள்கிறது, எதையோ சாய்க்கிறது, பச்சையாக விழுகிறது. ஃபோன் திரையில் அந்தக் கை எறும்பு அளவுதான் இருந்தது. ஆனாலும் கை கைதானே? வீடியோ எடுத்துவிட்டேன் என்று அவள் மாடிக்கு மாடி சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து துணியில் ஒரு பொட்டுக் கறை விழவில்லை. இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் வீடியோ அவ்வளவு நீளத்துக்குப் போகவில்லை. வெட்டி அனுப்பிப் பார்த்ததில் கை கரைந்து புள்ளியாகிவிட்டது. கேபிள் போட்டு இறக்குவது ஒன்றுதான் வழி. அந்தக் கம்ப்யூட்டரோ சார்ஜ் மட்டும் போடுகிறது.

எப்படிப் போடாமல் இருக்கும்? அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததே மேல்வீட்டுக்காரர்தான். பழைய மெஷின், செத்துக்கொண்டிருந்தது. நான் சரி செய்கிறேன் என்று அவராகவே வந்து உட்கார்ந்து உயிர் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு நன்றித் தீர்மானம் கொண்டுவந்தவள் இதே சிஸ்டரம்மா. இப்போது நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. என்றைக்காவது ஆதாரம் வரும் என்று தெரிந்துதான் அன்றைக்கே கதவைச் சாத்திவைத்திருக்கிறான் மனுஷன்.

"என்ன, வேலைக்கு ஆகலையா?" என்று கேட்டபடி அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

சிஸ்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஓய்வு பெற்ற மின் பொறியாளர். டாக்டர் சொன்னபடி காலையில் மொட்டை மாடியில் நடப்பார், அவள் கொடுப்பதைக் குடிப்பார், பிறகு பேப்பரைப் பிரித்தால் அவருடைய நாள் முடிந்தது. வீட்டில் ஒரு துரும்பை நகர்த்தியவர் இல்லை. அவள் கூப்பிடாமலேயே அவர் உதவிக்கு வந்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தாவது தன் பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியதே என்று அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது.

அவர் ஃபோனைத் தொடவில்லை. தொடவும் விடமாட்டாள், ஆதாரம் கிடைத்ததிலிருந்து அது அவள் கையை விட்டு இறங்குவதில்லை. கேபிளை மட்டும் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் கேபிள் உதவாது. இரு, நான் ஒண்ணு வெச்சிருக்கேன்."

பாக்கெட்டிலிருந்து வேறொரு வெள்ளைக் கேபிளை எடுத்துப் பொருத்தினார். பழையதைச் சுருட்டித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பழைய கேபிளில் இருந்தபோது, ஃபோனைச் செருகியதும் அதன் திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்ததால் சிஸ்டரம்மா அதைப் படிக்காமல் தள்ளிவிட்டாள். புதுக் கேபிளில் அந்தப் பெட்டியும் வரவில்லை. ஃபோன் முன்னைவிட வேகமாகச் சார்ஜ் ஆயிற்று.

"லினக்ஸுன்னா அப்படித்தான்," என்றார் வீட்டுக்காரர். "அதுக்கு ஃபோனே ஆகாது. பேசாம இன்னைக்கு விட்டுடேன்."

அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். உடனே அவர் இன்னொரு யோசனை சொன்னார். வீட்டில் மகள் விட்டுப்போன லேப்டாப் இருக்கிறது. வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. வீடியோவை லேப்டாப் வழியாக அந்த டிஸ்க்கில் ஏற்றி, டிஸ்க்கை இங்கே கொண்டுவந்து செருகினால் முடிந்தது. எல்லாம் நானே செய்து தருகிறேன் என்றார். சிஸ்டரம்மாவுக்கு மறுபடியும் மனசு இளகியது.

மேலே போனார்கள். மகளுடைய பழைய கேபிளில் ஃபோனை லேப்டாப்போடு இணைத்து, அவர் சொன்னபோதெல்லாம் படிக்காமலே திரையைத் தொட்டுக்கொடுத்து, ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவர் உட்கார்ந்து எதை எதையோ அழுத்தினார். எந்த ஃபைல், எந்தத் தேதி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் ஆகிவிட்டது என்று சொல்லி, டிஸ்க்கைப் பட்டென்று உருவிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஏதோ அழுத்தணும்னு பொண்ணு சொல்லுவாளே?"

"அதெல்லாம் பயந்தவங்களுக்கு. நான் கரண்ட்லயே கை வெச்சவன்."

கீழே வந்து டிஸ்க்கைச் செருகினார்கள். சின்ன விளக்கு எரிந்தது. சிஸ்டரம்மாவின் முகத்திலும் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கை மவுண்ட் செய்ய முடியவில்லை, இது சரியான முறையில் கழற்றப்படவில்லை, அபாய நிலையில் இருக்கிறது என்று அதில் இருந்தது.

சிஸ்டரம்மா கொதித்துப்போனாள். அபாய நிலை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேரை அபாய நிலையில் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவரைக்கூட வாசலில் நிறுத்தி, நீ சரியான முறையில் வரவில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. காசு போட்டு வாங்கிய டிஸ்க், சங்கம் வாங்கிய கம்ப்யூட்டர், உட்கார்ந்திருப்பவள் சங்கச் செயலாளர். இதில் முடியாது என்று சொல்ல இது யார்?

வீட்டுக்காரர் அதற்குள் மெனுவெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுறுசுறுப்பாக இருந்தார்.

"இதோ, வழி இருக்கு. ஃபார்மேட்னு ஒண்ணு போட்டிருக்கான்."

"ஃபார்மேட்னா என்ன?"

"சுத்தம் பண்றது."

சுத்தம் என்ற வார்த்தைக்குச் சிஸ்டரம்மா எதிர்ப்புச் சொன்ன வரலாறே கிடையாது. நோயாளி வந்தால் முதலில் சுத்தம், பிறகுதான் வைத்தியம். பண்ணுங்க என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் அழுத்தினார். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இவ்வளவு நேரமாக ஒன்றும் கேட்காத மெஷின் இப்போதாவது மரியாதையாகக் கேட்கிறதே என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"சார், கையை எடுங்க."

வாசலில் மேல்வீட்டுக்காரர் நின்றார். கூட்டத்துக்கு நாற்காலி போட வந்தவர், இரண்டு கையிலும் பிடித்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அப்படியே தரையில் விட்டுவிட்டு ஓடி வந்தார். மவுஸின்மேல் இருந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்துத் தூக்கினார். ஃபார்மேட் கொடுத்தால் டிஸ்க்கில் இருக்கிற அத்தனையும் அழிந்துவிடும் என்று சொன்னார்.

சிஸ்டரம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் ஒரு வார்டே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அவர். "நான் எலக்ட்ரிக்கல்தானே."

இப்போது அவளுக்குத் தர்மசங்கடம். மேல்வீட்டுக்காரரை மாட்டிவைக்க வேண்டிய ஆதாரத்தை மேல்வீட்டுக்காரரே காப்பாற்றியிருக்கிறார். அதைத் திறக்கத் தெரிந்த ஆளும் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் பதவி போகும். அவள் யோசித்தாள். பின்வரிசைச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதை மவுண்ட் பண்ண முடியுமா, தம்பி?"

தம்பி என்ற வார்த்தை வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அதற்காக அவள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

என்ன வீடியோ என்று அவர் கேட்கவில்லை. கட்டடத்துக்கே தெரிந்த விஷயம், அவருக்குத் தெரியாமல் இருக்குமா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மவுண்ட் என்றால் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி, டிஸ்க் வந்து நின்றாலும் கதவு திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும், பட்டென்று உருவியதால் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இப்போது பார்க்க மட்டும் திறக்கிறேன், எதையும் எழுத விடமாட்டேன், அப்போது எதுவும் கெட்டுப்போகாது என்றார். கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்து வெள்ளை எழுத்தில் என்னவோ அடித்தார். பிறகு நகர்ந்துகொண்டு, செயலாளருடைய பாஸ்வேர்டை அவளையே போடச் சொன்னார்.

அவள் ஒற்றை விரலால் அடித்தாள். திரையில் ஒன்றும் விழவில்லை. இன்னும் அழுத்தி அடித்தாள். அப்போதும் விழவில்லை. விழாத எழுத்துகளுக்குச் சேர்த்து இன்னொரு தரம் அடித்தாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது.

"எனக்கா அனுமதி இல்லை?" என்றாள். "நான் இந்தச் சங்கத்துக்குச் செயலாளர். இது யார் எனக்கு அனுமதி குடுக்க?"

எழுத்து தெரியாமல்தான் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, நீங்கள் பாட்டுக்கு அடியுங்கள் என்றார் மேல்வீட்டுக்காரர். அந்த விளக்கமும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எதையும் மறைக்காதவர்களுக்கு எதற்கு இவ்வளவு மறைவு? ஆனாலும் அடித்தாள். டிஸ்க் திறந்துகொண்டது.

உள்ளே ஒரே ஒரு வீடியோ இருந்தது. அவர் அதை ஓடவிட்டார். சிஸ்டரம்மா வீட்டு வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடியது. மெக்கானிக்கிடம் சத்தத்தைக் காட்டுவதற்காக எப்போதோ எடுத்தது.

மெஷின் ஆடி முடித்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி பேர்ல இருந்துச்சு," என்றார் வீட்டுக்காரர்.

சிஸ்டரம்மா முதலில் லினக்ஸைத்தான் சந்தேகப்பட்டாள். உள்ளே போன ஆதாரத்தை அது வாஷிங் மெஷினாக மாற்றிவிட்டதோ என்று வாய்விட்டே கேட்டாள். அப்படி மாற்றாது என்று மேல்வீட்டுக்காரர் சொல்லிவிட்டு, டிஸ்க்கை முறைப்படி மூடி, எடுக்கலாம் என்று வந்த பிறகு கழற்றி மேஜைமேல் வைத்தார். டிஸ்க் வேண்டாம், ஃபோனையே நேராக இணைக்கலாம் என்றார். வெள்ளைக் கேபிளைக் கையில் எடுத்தார்.

"இது ஷேவிங் மெஷினோட கேபிளாச்சே. இதுல கரண்ட் மட்டும்தான் போகும், ஃபைல் போகாது. நல்ல கேபிள் இல்லையா?"

சிஸ்டரம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கேபிள் மேலே இருக்கும், தேடி எடுத்துவருகிறேன் என்று கிளம்பிப் போனார். போனவர் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு ஓடித் தன்னுடைய கேபிளையே கொண்டுவந்தார்.

ஃபோனைத் திறக்கச் சொன்னார். திரையில் அந்தப் பெட்டி வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் இந்த முறை படித்தாள். சார்ஜுக்கு மட்டுமா, ஃபைல் அனுப்பவா என்று கேட்டது. ஃபைல் அனுப்ப என்று தொட்டாள். கம்ப்யூட்டரில் ஃபோனின் பேர் வந்தது. காலையிலிருந்து இந்த ஒரு கேள்வியைத்தான் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று தெரிந்தபோது, பதில் சொல்லாத தன்மேல் வரவேண்டிய கோபம் முழுவதையும் அவள் பெட்டியின் சின்ன எழுத்துமேல் திருப்பிவிட்டாள்.

அதோடு முடியவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பேரைத் திறந்து பார்த்தால் உள்ளே காலி. யாரும் நோண்டக் கூடாதென்று அவள் அதைக் கண் மூடித் திறப்பதற்குள் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தாள். பூட்டிக்கொண்டால் கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் காட்டாதாம். அதனால் வீடியோ ஏறி முடிகிறவரை திரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அவள் ஃபோன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தரம்கூட விரலை எடுக்கவில்லை. வீடியோ ஏறியது.

சரியாக ஓடுகிறதா பார்க்கிறேன் என்று மேல்வீட்டுக்காரர் அதைத் திறந்தார். சிஸ்டரம்மா இன்னும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள், விரலை எடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் ஓடவிட்டார், நிறுத்தினார், பின்னால் போனார், மறுபடி ஓடவிட்டார். ஓரிடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மூடிவிட்டார். அவருடைய முகம் மாறியிருந்தது.

"சிஸ்டரம்மா, இதை இன்னைக்குப் போட வேண்டாமே."

அவள் ஃபோனிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஏன்?"

"போட வேண்டாம்னு தோணுது. நான் செடியெல்லாம் எடுத்துடறேன். நாளைக்கே எடுத்துடறேன். நீங்க பதவியிலேர்ந்து போக வேண்டியதில்லை. விஷயத்தை இதோட விட்டுடலாம்."

சிஸ்டரம்மாவுக்கு உள்ளுக்குள் தேன் வழிந்தது. அந்தச் செடிகளை அவர் எப்படி வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியும். வெயிலுக்குத் திரை கட்டி, இலையை ஒவ்வொன்றாகத் துடைத்து, பிள்ளை மாதிரி. அதையெல்லாம் தூக்கிப் போடுகிறேன் என்கிறார் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? ஒரு கணம் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கேபிள் இல்லாமல் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடி கடைசி வார்த்தைகளைக் கேட்டுவிட்டார்.

"அவரே இறங்கி வந்துட்டாரே. பெரிய மனசு பண்ணி விட்டுடும்மா."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல்வீட்டுக்காரர்தான் முதலில் பார்வையை எடுத்தார். அதைப் பார்த்ததும் சிஸ்டரம்மாவுக்கு இளகிய மனசெல்லாம் இறுகிவிட்டது. கறை விழுந்தது இவளுடைய துணியில், துவைத்தது இவளுடைய கை, அவமானப்பட்டது இவள். இரக்கம் மட்டும் குற்றவாளிக்கா?

"விரிப்பு போனா போகட்டும்," என்றாள். "பின்னாடி உட்கார்ந்து சிரிச்சாங்களே. என் வயசுக்கு, நான் பார்த்த வேலைக்கு, என்னைப் பொய் சொல்றவன்னு நினைச்சு சிரிச்சாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

சொல்லும்போது அவளுடைய குரல் உடைந்தது. மேல்வீட்டுக்காரர் விழுந்து கிடந்த நாற்காலிகளை எடுத்து வரிசையாகப் போடத் தொடங்கினார்.

கூட்டத்துக்கு அன்று வராதவர்களே இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள்கூட வந்திருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் சீக்கிரமே வந்து பின்வரிசையைப் பிடித்திருந்தார்கள். நீதிபதி முன்னால் நடுநாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கோத்து வயிற்றின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டரம்மா பெட்டியில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்றே வாக்கியத்தில் வழக்கைச் சொன்னாள். ஆதாரம் கேட்டீர்கள், கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக எழுந்தார், கால் வயரில் மாட்டியது, டிவி அணைந்துபோனது. பின்வரிசையில் சிரித்தார்கள். யாரோ ஒருவர் குனிந்து பிளக்கைத் திரும்பச் செருகினார். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்னொரு வயர் இருக்கிற பக்கமாக நகரப் பார்த்தார். உட்காருங்க என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். உட்கார்ந்தார்.

வீடியோவை ஓடவிடச் சொல்லி மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். நான் வேண்டாமே என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சிஸ்டரம்மாவே போய் அழுத்தினாள்.

சுவர் முழுக்கத் துணி தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற விரிப்பின் ஓரம். அதற்கு மேலே மேல்வீட்டுப் பால்கனி, அதன் கம்பிகள், செடிகளின் இலைகள். இலைகள் அசையவில்லை. ஒருவரும் அங்கே வரவில்லை. அதற்கும் மேலே கட்டடத்தின் உச்சி, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், கொஞ்சம் ஆகாயம். ஃபோனில் பார்த்தபோது பால்கனியும் கைப்பிடிச் சுவரும் ஒன்றாக ஒட்டித் தெரிந்தன. இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

கை வந்தது. பால்கனியிலிருந்து வரவில்லை. உச்சியில், கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து வந்தது. கையில் ஒரு டம்ளர். டம்ளர் நிதானமாகச் சாய்ந்தது. பச்சையாக ஒரு கோடு செடிகளைத் தாண்டி இறங்கி, நேராக விரிப்பின்மேல் விழுந்தது. டம்ளரை ஒரு தரம் உதறிவிட்டுக் கை உள்ளே போனது.

அறையில் சத்தமே இல்லை. பின்வரிசையிலும் இல்லை. சிஸ்டரம்மாவுக்கு அந்த அமைதி போதும் போலிருந்தது. மொட்டை மாடியைப் பார்த்து அவள் ஒரு விநாடிதான் திகைத்தாள். உடனே எல்லாம் பொருந்திவிட்டது.

"கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தீங்களா?" என்றாள். "தன் பால்கனியிலேர்ந்து ஊத்தினா மாட்டிக்குவோம்னு, மொட்டை மாடிக்கே போய் ஊத்தியிருக்கார்."

பலர் தலையாட்டினார்கள். போன முறை சிரித்த ஒருவர், இது ரொம்ப அக்கிரமம் என்று உரக்கச் சொன்னார். இன்னொருவர் செடிகளை மட்டும் எடுத்தால் போதாது, ஆளையே எடுக்க வேண்டும் என்றார். மேல்வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சிஸ்டரம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது, ஆனால் அதைத் தீர்ப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள்.

நேராக நீதிபதியிடம் போனாள். தோளைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். காது மெஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளே அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொள்கிறவரை காத்திருந்தாள். பிறகு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, ஆதாரம் கேட்டீர்களே, இதோ இருக்கிறது, பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று சொல்லி, வீடியோவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியின் நுனிக்கு வந்தார். துணியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், கை வந்து டம்ளரைச் சாய்ப்பதைக் கடைசிச் சொட்டுவரை பார்த்தார். அவர் முகத்தில், தெரிந்தவரை எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்ட சந்தோஷம் வந்தது.

"இதுக்குப் போய் எதுக்கும்மா வீடியோ? காலையில நடக்கும்போது நான் தினமும் பக்கத்துலயேதானே நிக்கறேன், நீங்க அரைச்சுக் குடுத்தனுப்பற கீரைச் சாறை உங்க வீட்டுக்காரர் அங்கேருந்துதான் கொட்டுவார், வாயிலயே வைக்க முடியலையாம், பாவம்."